இருட்டாகவே நின்ற மூன்று கோடுகள்

மீன் வெட்டும் பலகையை நான் ஆய்வகத்துக்குள் தூக்கிக்கொண்டு போகவில்லை. அந்தப் பலகையைத் தடவிய மூன்று பஞ்சுக்குச்சிகளை, மூடி இறுக்கிய சோதனைக்குழாய்களில் போட்டுக் கொண்டுபோனேன். துளி வாடைகூட வெளியே வர வழியில்லை. ஆனாலும் குழாயில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தவுடனே வகுப்பில் ஒருவன் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தான். இன்னொருத்தி இரண்டாவது ஜன்னலைத் திறந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக என் வீரத்தைப் பற்றி நானே கொஞ்சம் அளக்கப் போகிறேன்.

அது எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் கடைசி அரையாண்டு. கல்லூரி அடையாறு பக்கம், வீடு கொட்டிவாக்கம் மீனவக் குப்பத்தில். சீட்டில் ‘கடற்கரை மீன் விற்பனைப் பரப்பு, கொட்டிவாக்கம்’ என்று எழுதியிருந்தேன். படித்தால் ஏதோ அரசாங்க அறிக்கை மாதிரி இருக்கும். அந்தப் பரப்பு என் அம்மாவின் பலகை என்பது வகுப்பில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் என் ஆய்வக மேசையைப் பங்குபோட்டுக்கொண்ட மயிலாப்பூர்த் தோழி. வாயைத் திறக்க மாட்டாள்.

என் ப்ராஜெக்ட் பம்புகளைப் பற்றியது. கிணற்றில் போடுகிற பம்பு இல்லை. பாக்டீரியாவைச் சுற்றியிருக்கும் சவ்வில் ஊடுருவி நிற்கும் புரதங்கள் சில உண்டு. நஞ்சு உள்ளே வந்தால் பிடித்து வெளியே தள்ளுவது மட்டுமே அவற்றின் வேலை. பி.எஸ்ஸி. படிக்கும்போது இதை முதல் தடவை பேருந்தில் உட்கார்ந்து படித்தேன். கொட்டிவாக்கத்தில் இறங்க வேண்டியவள் பாலவாக்கம் தாண்டித்தான் தலையைத் தூக்கினேன்.

ஏன் அப்படி மயங்கினேன் என்று சொல்லத்தான் வேண்டும். சில பாக்டீரியாக்களுக்கு ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சவ்வு. உள்சவ்வில் பம்பின் உடல், வெளிச்சவ்வில் ஒரு குழல், நடுவில் இரண்டையும் பிடித்துக்கொள்ள ஒரு கை. உடலில் ஒரே மாதிரி மூன்று கூறுகள். ஒன்று வாயைத் திறந்து நஞ்சை வாங்கும். அதே நேரம் அடுத்தது வாங்கியதை இறுக்கிப் பிடித்திருக்கும். மூன்றாவது, பிடித்ததைக் குழலுக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். பிறகு முறை மாறும். ஓயாது. இதற்கெல்லாம் சக்தி எங்கிருந்து? வெளியே முண்டியடித்துக்கொண்டு நிற்கும் புரோட்டான்களை உள்ளே விடுகிறது. அவை பாய்ந்து வரும் விசையில் நஞ்சு வெளியே போகிறது. முழுசாக உள்ளே வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதும் கிடையாது. இரண்டு சவ்வுக்கும் நடுவிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிடும். சாயமா, சோப்பா, கிருமிநாசினியா, ஆன்டிபயாட்டிக்கா என்று ஜாதகம் பார்க்காது. ஒரே பம்பு பலதையும் தள்ளும். அதனால்தான் மருத்துவர்களுக்கு இது தலைவலி. அவர்கள் கவலை நியாயம்தான். ஆனால் கண்ணுக்கே தெரியாத ஒன்று, தன்னைக் கொல்ல வந்ததை ‘வெளியே போ’ என்று சொல்கிறதே, அதைப் படித்துவிட்டு எப்படி நிறுத்தம் பார்த்து இறங்குவது?

தலைப்பு, என் ஆய்வை வழிநடத்திய கைடு கொடுத்தது. எங்கள் துறையில் வெகுகாலமாக இருப்பவர், சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா. மீன் கடைப் பரப்பில் இருக்கும் பாக்டீரியாவுக்குப் பம்பு பலமாக இருக்கும், சுத்தமான பரப்பில் இருப்பதற்குப் பலவீனமாக இருக்கும், அதைக் காட்டினால் போதும் என்றார்.

“சுத்தமான பரப்புக்கு எங்க சார் போறது?” என்றேன்.

“எங்கேயும் போக வேணாம்மா. நம்ம லேப் சிங்க் இருக்கே. தினம் சாயங்காலம் கிருமிநாசினி ஊத்திக் கழுவுறோம். அதையே கன்ட்ரோலா வெச்சுக்கோ.”

நானும் அப்படித்தான் நம்பினேன். அம்மாவின் பலகைதான் அழுக்கு, ஆய்வகத் தொட்டிதான் சுத்தம். யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். நான் கையுறை மாட்டிக்கொண்டு பலகையின் வெட்டுத் தடங்களுக்குள் பஞ்சுக்குச்சியை விட்டுத் துழாவினேன்.

“இன்னாடி பண்ணிக்கினு கீற? காதுல வுட்ற குச்சிய எடுத்தாந்து பலகைய நோண்டற?”

“கிருமி எடுக்கிறேம்மா.”

“கத்தாதடி! இன்னும் போணியே ஆவல. கிருமி கீது, கிருமி கீதுன்னு ஊருக்கே தண்டோரா போடு.”

மீன் வாங்க நின்ற ஓர் அம்மாள் எட்டிப்பார்த்தார். “பொண்ணு என்ன பண்ணுது?”

“அதுவா? காலேஜ்ல படிக்குது. எம் பலகையப் பத்தி எழுதப் போவுதாம்,” என்று சட்டென்று பேச்சைத் திருப்பிவிட்டாள் அம்மா. “எழுதட்டும். தெனம் கடத்தண்ணில தேச்சுக் கழுவி, வெயில்ல காயப் போட்டுத்தான் எடுத்தாரேன். எந்த மாடி வூட்டு சமையக்கட்டுலயும் இப்டி இருக்காது. நீ சங்கரா எடுத்துக்கினு போ, நைஸா கீது.”

பிறகு ஆய்வகத் தொட்டியின் வடிகால் வாயிலும் மூன்று குச்சி தடவினேன். குச்சிக்கு ஒன்றாகக் குழாய்களில் பிரித்து வளர்த்தேன். ஆக மொத்தம் ஆறு பாக்டீரியா. ஒன்று முதல் மூன்று பலகையிலிருந்து, நான்கு முதல் ஆறு தொட்டியிலிருந்து.

பம்பு பலமா இல்லையா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. எத்திடியம் புரோமைடு என்று ஒரு சாயம். செல்லுக்குள் தங்கி டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டால் யூவி விளக்கின் கீழ் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். நஞ்சும்கூட, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அதை அகார் கூழில் கலந்து தட்டில் ஊற்றி, ஆறு பாக்டீரியாக்களையும் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி நடுவிலிருந்து விளிம்பு வரை ஆறு கோடுகளாக இழுத்து, ஓர் இரவு வளரவிட வேண்டும். மறுநாள் யூவி விளக்கில் ஒளிரும் கோடு சாயத்தை உள்ளே விட்டுவிட்ட கோடு. இருட்டாக நிற்கும் கோடு, வர வர வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் கோடு.

சாயம் குறைவாக இருந்த தட்டில் ஆறுமே இருட்டு. அதிகமாக இருந்த தட்டில் ஆறுமே ஒளிர்ந்தன. நடுத்தரமான ஒரு தட்டு மட்டும்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டியது. மூன்று கோடுகள் ஆரஞ்சாக எரிந்தன. மூன்று கோடுகள் இருட்டாகவே நின்றன. மூடியில் எழுதியிருந்த எண்களைப் பார்த்தேன். எரிந்தது ஒன்று, இரண்டு, மூன்று. இருட்டாக நின்றது நான்கு, ஐந்து, ஆறு.

பலகை ஒளிர்கிறது. தொட்டி இருட்டு. எதிர்பார்த்ததற்கு நேர் தலைகீழ்.

கைடு வந்து குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நம்பர் எங்கம்மா எழுதின?”

“மூடியில சார்.”

“தட்டோட அடியில ஏன் எழுதல?”

நுண்ணுயிரியல் படிக்கிறவர்கள் முதல் மாதத்தில் கற்றுக்கொள்வதே அதுதான். மூடி கழன்று வரும், சுற்றும், வேறு தட்டுக்குப் போகும். எழுதுவதானால் அடியில் எழுது. எனக்கும் தெரியும். அன்றைக்கு அவசரம். சாயம் கலந்த தட்டைக் கவிழ்க்கப் பயந்துகொண்டு மூடியிலேயே எழுதிவிட்டேன். யூவியில் பார்க்க மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தேன், மறுபடி எடுத்து மேலே காட்டி எண்களைப் படித்தேன். இடையில் மூடி அரைச்சுற்று சுற்றியிருந்தால் போதும், ஒன்று நான்காகிவிடும், இரண்டு ஐந்தாகிவிடும், பலகை தொட்டியாகிவிடும்.

“சுத்தியிருக்கு,” என்றார் அவர். கோபமாகக்கூட இல்லை. “மீன் பலகையில இருக்கிறது பம்பு இல்லாம இருக்கும், தினம் கழுவுற சிங்க்ல இருக்கிறது பலமா இருக்கும்னா யாரும்மா ஒத்துப்பாங்க? திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். நம்பரை நேரா மாத்தி எழுதிக் கொண்டு வா.”

“மறுபடி பண்ணிப் பாக்கிறேன் சார்.”

“இன்னிக்குப் புதன். முடிச்சா சரி. முடிக்கலேன்னா கையெழுத்து அடுத்த வருஷம்தான். யோசிச்சுக்கோ.”

ஒரு வருடம். இந்த வருடம் நான் படிப்பை முடிக்கிறேன் என்று அம்மா குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

தோழி வராண்டாவில் என்னை மடக்கினாள். “ஏண்டி, பேசாம அவர் சொன்னபடி எழுதிக் குடுத்துட்டுப் போயேன். யார் வந்து பாக்கப் போறா?”

“மூடி சுத்தலைன்னா?”

“சுத்தலேன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமோ?”

“தெரியாது.”

“பின்ன எதுக்கு வீம்பு பிடிச்சிண்டு நிக்கறே?”

“தெரியாததாலதான்டி. சுத்துச்சுன்னு தெரிஞ்சா மாத்தி எழுதலாம். தெரியாம எதை வெச்சு மாத்துறது? மீன்னா அழுக்குங்கிறதை வெச்சா?”

கடைசி வாக்கியம் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வராண்டாவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தோழி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“சரி, சரி. கத்தாதே. அகார் நான் கொதிக்க வெக்கறேன். நீ தட்டுக்கு ஏற்பாடு பண்ணு.”

உள்ளே போனால், துறையின் உதவியாளர் அக்கா தொட்டியில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரில் கிருமிநாசினியைக் கொஞ்சம் சிந்தினார். பால் நிறம்கூட வரவில்லை. அதைத் தொட்டியில் கவிழ்த்தார். இரண்டு வருடமாக நான் தினமும் பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

“அக்கா, அவ்ளோதான் ஊத்துவீங்களா?”

“பின்ன? கேன்ல போட்டுக்கீற அளவு ஊத்துனா ஒரு மாசம்கூட வராதும்மா. மூணு மாசம் இழுக்கணும்னு சாரு சொல்லிக்கீறாரு. டீக்கடைக்காரன் பால்ல தண்ணி ஊத்துற மாரி நானும் ஊத்திக்கினு கீறேன்.”

“எவ்வளவு நாளா?”

“நான் வந்ததுலேந்தே அப்டிதான். இன்னாத்துக்குக் கேக்கற? எதுனா ஆயிப்போச்சா?”

“உங்க மேல ஒண்ணும் இல்லக்கா,” என்றேன். தலைக்குள் ஏதோ ஓடத் தொடங்கிவிட்டது. கொல்லுகிற அளவுக்கு ஊற்றினால் செத்துப்போகும். கொல்லாத அளவுக்கு ஊற்றினால்? பம்பு பலமாக இருக்கிறது மட்டும் பிழைக்கும், பெருகும். மறுநாள் சாயங்காலம் இன்னொரு வாளி. மீண்டும் அதற்கடுத்த நாள். அந்த வடிகால் வாயில் வருடக்கணக்கில் நாங்களே பொறுக்கியெடுத்து வளர்த்து வைத்திருக்கிறோம். அம்மாவின் பலகையில் அப்படி எவரும் எதையும் ஊற்றியதில்லை. கடல் தண்ணீர், வெயில், தேய்ப்பு, அவ்வளவுதான்.

ஆனால் இதெல்லாம் யோசனை. அரைச்சுற்று சுற்றிய ஒரு மூடிக்கு முன்னால் எந்த யோசனையும் நிற்காது. நிரூபிக்க வேண்டும்.

வியாழக்கிழமை ஆறு குழாய்களையும் கைடின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். “நீங்களே கலைச்சு வெச்சு, மேல எழுத்து ஒட்டிக் குடுங்க சார். எது எதுன்னு எனக்குத் தெரிய வேணாம். நீங்க எழுதி உறையில போட்டு வெச்சுக்கோங்க.”

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “என்னை நம்பாம இல்ல, உன்னையே நம்பாம கேக்கிற. அப்படித்தானே?”

“ரெண்டு பேரையும்தான் சார்.”

சிரித்துவிட்டார். ஆறு குழாய்களின் மேலும் வெள்ளைச் சீட்டு ஒட்டி, அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று எழுதினார். பட்டியலை மடித்து உறையில் போட்டுச் சட்டைப்பையில் பேனாக்களுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். பிறகு ஒரு கொக்கி போட்டார்.

“சரி, இருட்டா நிக்குதுன்னே வெச்சுக்கோ. அது பம்பாலதான்னு எப்படிச் சொல்வே? சாயமே உள்ளே போகாம இருக்கலாம். இல்ல, செத்துக் கிடக்கலாம். பம்பை நிறுத்துற மருந்து வாங்கணும், ஆர்டர் போட்டா வர ரெண்டு வாரம் ஆகும்.”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. “குளிர்ல வெச்சா பம்பு படுத்துடும் சார். அதுக்கு சக்தி வேணும், குளிர்ல சக்தி வராது. இருட்டா இருக்கிற கோடு குளிர்ல வெச்சதும் ஒளிர ஆரம்பிச்சா, அதுவரைக்கும் பம்புதான் தள்ளிக்கிட்டு இருந்துச்சுன்னு அர்த்தம்.”

“ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் போய் எத்தனை மாசமாச்சு, தெரியுமில்ல? உள்ளே கைய விட்டா வெளியைவிடப் புழுக்கமா இருக்கு.”

“குளிருக்கு நான் ஏற்பாடு பண்ணிக்கிறேன் சார்.”

அன்று தட்டின் அடியில் எழுதினேன். கொட்டை எழுத்தில், அழியாத மையில், ஒவ்வொரு கோட்டின் நுனியிலும். எழுதியதைத் தோழியிடம் இரண்டு தடவை காட்டினேன். மூன்றாவது தடவை காட்டப் போனபோது, “கண்ணு தெரியறதுடி எனக்கு,” என்று கையைத் தட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அம்மாவிடம் போய் நின்றேன். கரையில் ஐஸ் பாளத்தை உடைத்துப் பெட்டிகளில் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒரு பெட்டி ஐஸ் குடும்மா. புதுப் பெட்டில.”

“இன்னாத்துக்கு?”

“பாக்டீரியாவுக்கு.”

“ஏன், அதுக்கு ஜொரமா?” என்றாள். கேட்டுக்கொண்டே தெர்மகோல் பெட்டியில் வாரி வாரிப் போட்டாள். மூடி போட்டுக் கயிறும் கட்டிக் கொடுத்தாள். “சாயந்தரம் பெட்டிய எடுத்தாந்துடு. அங்கயே வுட்டுட்டு வந்துறாத.”

பெட்டி திரும்பி வராது, அந்தச் சாயத்துக்குப் பக்கத்தில் இருந்த எதையும் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். புதுப் பெட்டியை நஷ்டம் பண்ணுகிறேன் என்று ஷேர் ஆட்டோ கிளம்பும் வரை திட்டினாள்.

ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். ஓரத்தில் தண்ணீர் சொட்டியது. பக்கத்தில் இருந்தவர் காலைத் தூக்கிக்கொண்டார். “இன்னாம்மா, மீனா?”

“இல்லண்ணா. ஐஸ் மட்டும்தான்.”

“மீனு இல்லாம வெறும் ஐஸ எவ எடுத்துக்கினு போவா? இன்னா மீனு, சொல்லு. எனக்கும் ஒரு கிலோ வேணும்.”

“பம்பு மீனுண்ணா,” என்றேன். அப்படி ஒரு மீன் உண்டா என்று அவர் திருவான்மியூர் வரை டிரைவரிடம் விசாரித்துக்கொண்டே வந்தார்.

ஆய்வகத்தில் கைடு எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். பெட்டியைப் பார்த்து மூக்கைச் சுருக்கினார். “இது எங்கேருந்தும்மா?”

“தெரிஞ்சவங்க கடை சார்.”

சொன்னேன். நாக்கு கூசவில்லை. அதுவும் இங்கே பதிவாகட்டும்.

விளக்கை அணைத்து யூவியைப் போட்டோம். ஆ, ஈ, உ மூன்றும் ஆரஞ்சாக எரிந்தன. அ, இ, ஊ மூன்றும் கன்னங்கரேலென்று நின்றன. கைடு கையால் படம் வரைந்துகொண்டார். தட்டை மூடி, பையில் போட்டு இறுக்கி, ஐஸுக்குள் புதைத்தோம். நான்கு மணி நேரம்.

அந்த நான்கு மணி நேரத்தில் நான் கேன்டீன், நூலகம், வராண்டா, மறுபடி கேன்டீன் என்று அலைந்தேன். கருப்புக் கோடு கருப்பாகவே இருந்துவிட்டால் அது பம்பு இல்லை, என் கதை முடிந்தது. ஒளிர்ந்து, உறையில் அவை பலகையாக இருந்தால் மூடி சுற்றியிருக்கிறது, கைடு சொன்னது சரி, என் வாய்தான் நீளம். தோழி தயிர்சாத டப்பாவை நீட்டி, “ரெண்டு வாய் சாப்பிடு, இல்லேன்னா நான் உன்னை ஐஸ்ல வெச்சுடுவேன்,” என்றாள்.

மூன்று மணிக்குத் தட்டை எடுத்தோம். மூடியில் பனி பூத்திருந்தது. துடைத்துவிட்டு யூவியைப் போட்டேன்.

அ மெல்ல எரிந்தது. இயும். ஊ கொஞ்சம் மங்கல், ஆனால் எரிந்தது. காலையில் கரி மாதிரி நின்ற மூன்றும் ஆரஞ்சு. அம்மாவின் ஐஸ் பம்பைப் படுக்கவைத்துவிட்டது. அதுவரைக்கும் அவை செத்தும் கிடக்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டும் இருக்கவில்லை. உள்ளே வந்த ஒவ்வொரு துளியையும் தள்ளிக்கொண்டே இருந்திருக்கின்றன.

“உறை சார்,” என்றேன்.

சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். தானே படித்துக்கொண்டார். பிறகு என்னிடம் நீட்டினார். அ, இ, ஊ: தொட்டி. ஆ, ஈ, உ: பலகை.

மூடி சுற்றவில்லை. தோழி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

கைடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிருமிநாசினி விஷயத்தை நான் சொன்னேன். வாளி, நீர்த்த அளவு, மூன்று மாதம் இழுக்கும் கேன். அக்கா பெயருக்கு ஒரு சொல்லும் வராமல் பார்த்துக்கொண்டேன். மூன்று மாதம் இழுக்கச் சொன்னது யார் என்பது அவருக்கே தெரியும். கேட்டார். வாதாடவில்லை. அதற்காக இன்றைக்கும் அவர்மேல் மரியாதை இருக்கிறது.

“சரி, எழுது,” என்றார். “ஆனா ‘நம்ம துறை சிங்க்’னு எழுதாதே. ‘ஒரு கல்வி நிறுவனத்தின் கழுவுதொட்டி’ன்னு பொதுவா போட்டுடு. கேன் கதையும் வேணாம்.”

எனக்கு உச்சந்தலைவரை சூடேறியது. “சாம்பிள் எங்க எடுத்தோம்னு இடத்தைச் சரியா எழுதலேன்னா அது சாம்பிளே இல்ல, வெறும் அழுக்குன்னு நீங்கதான் சார் முதல் வகுப்புல சொன்னீங்க. பொதுவா எழுத மாட்டேன்.”

திங்கட்கிழமை கையெழுத்து அவருடையது. இதற்குமேல் பேசினால் ஒரு வருடம் போகும். பேசி முடித்துவிட்டேன்.

அவர் என் வரைவுத்தாளை எடுத்தார். பக்கத்தைப் புரட்டி ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். “‘கடற்கரை மீன் விற்பனைப் பரப்பு, கொட்டிவாக்கம்.’ இது எந்த இடம்மா? யார் பலகை? எதால கழுவுறாங்க? காய வைக்கிறாங்களா? ஒண்ணும் இல்லையே. இது மட்டும் பொதுவா இருக்கலாமா?”

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்கவே இல்லை. தோழி தரையைப் பார்த்தாள். இரண்டு வருடமாக அந்த அறையில் நான் எதற்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மதிப்பெண்ணுக்குச் சண்டை, மைக்ராஸ்கோப்புக்குச் சண்டை. ஜன்னலைத் திறந்தபோது மட்டும் சிரித்திருக்கிறேன்.

“எங்க அம்மா பலகை சார்,” என்றேன். “இந்த ஐஸும் அவங்க குடுத்ததுதான். கடல் தண்ணியில கழுவி வெயில்ல காய வைக்கிறாங்க. மருந்து எதுவும் ஊத்துறதில்ல.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பரிதாபமாகப் பார்ப்பாரோ என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்படிப் பார்க்கவில்லை.

“அப்ப அதை எழுது. ரெண்டையும் எழுதிக் கொண்டு வா. ஒண்ணு மட்டும் எழுதினா கையெழுத்து கிடையாது.”

சனி, ஞாயிறு உட்கார்ந்து எழுதினேன். முதல் மாதிரி: ஆய்வாளரின் தாயாரின் மீன் வெட்டும் பலகை. இரண்டாம் மாதிரி: இத்துறையின் ஆய்வகக் கழுவுதொட்டி, குறிப்பிட்ட அளவைவிட நீர்த்த கிருமிநாசினி தினமும் ஊற்றப்படுவது. திங்கட்கிழமை அவர் இரண்டு வரிகளையும் படித்தார். ‘நீர்த்த’ என்ற சொல்லின்மேல் பேனா கொஞ்சநேரம் நின்றது. அடிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு புது அளவுக்குவளை வந்தது. எதுவரை ஊற்ற வேண்டும் என்று சிவப்புக்கோடு போட்டிருந்தது. அக்கா அதைத் தூக்கிக் காட்டி, “இன்னாம்மா, கேன் முடிஞ்சா நீ வாங்கித் தருவியா?” என்று கேட்டுச் சிரித்தார்.

ஆய்வகத்திலேயே வகுப்பு முழுவதற்கும் ஆய்வை விளக்கிச் சொல்ல வேண்டிய நாளும் வந்தது. பேசத் தொடங்கும் முன் நானே போய் இரண்டு ஜன்னலையும் திறந்தேன். “முதல் படம் எங்கம்மாவோட பலகை. வாடை வந்தா சொல்லுங்க,” என்றேன். ஒருவரும் சொல்லவில்லை. இரண்டாவது படம் எங்கள் தொட்டி. நிஜத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டான்.

அட்டை போட்ட பிரதியை அம்மாவிடம் கொண்டுபோனேன். பலகையைப் பற்றி ஆங்கிலத்தில் இருந்த வரியைத் தமிழில் சொன்னேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்த வரியின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

“பேரு போட்டுக்கீதா?”

“பேரு போடலம்மா. தாயார்னு போட்டிருக்கு.”

“அது எல்லாருக்குந்தான் கீறாங்க.” கொஞ்சம் யோசித்தாள். “சரி, எம் பலகை இன்னா ஆச்சு? பாஸா?”

ஒளிர்வது, இருட்டு, பம்பு, எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டியில் இருந்தவை மருந்தையே தள்ளிப் பழகியவை, பலகையில் இருந்தவை தள்ளத் தெரியாமல் சாயத்தை உள்ளே விட்டுவிட்டன என்றேன். அம்மாவின் முகம் மாறியது.

“அப்போ காலேஜ் கிருமி பலசாலி, எம் பலகைல கீறது சோப்ளாங்கியா?”

“அது நல்லதும்மா! மருந்து குடுத்தா கேக்கும்.”

“இன்னா நல்லது? தெனம் இவ்ளோ மீன் கவுச்சில வளந்துட்டு, ஒரு சாயத்துக்குத் தாங்கலயாம். த்தூ.”

நான் இன்னொரு தடவை விளக்க வாயெடுத்தேன். அதற்குள் ஒருவர் மீன் பார்க்க வந்து குனிந்தார். அம்மா பிரதியைச் சட்டென்று மடியில் வைத்துக்கொண்டு குரலை உயர்த்தினாள்.

“தைரியமா வாங்கு சார். காலேஜ்ல டெஸ்ட் பண்ண பலகை இது. புக்ல எழுதிக்கீறாங்க.”

“அம்மா, சுத்தம்னு எங்கேயும் எழுதலம்மா. பம்பு இல்லைன்னுதான்...”

“நீ கம்னு இரு,” என்றாள் என்னைப் பார்க்காமல். “சங்கராவா, வஞ்சிரமா சார்?”